பரமட்டா வட்டாரத்தில் மறைந்த காட்டு ஆர்க்கிட்

சிட்னியின் மேற்கே, தமிழர் பலர் வசிக்கும் பரமட்டாவை உள்ளடக்கிய வட்டாரத்தில் 1803ஆம் ஆண்டு முதன்முதலாகச் சேகரிக்கப்பட்ட டெரோஸ்டைலிஸ் கிப்போசா என்ற காட்டு ஆர்க்கிட், இன்று அங்கு காணப்படுவதில்லை. இல்லவாரா, ஹன்டர் உள்ளிட்ட சில பகுதிகளில் மட்டுமே அது எஞ்சியுள்ளது.

காடு திருத்தப்பட்டதே முக்கியக் காரணம். ஆனால் எல்லா ஆர்க்கிட்டுகளுக்கும் இந்தக் கதி நேர்வதில்லை. இலங்கையிலும் இந்தியாவிலும் புல்வெளிகளில் வளரும் ஸூக்ஸைன் ஸ்ட்ராட்யூமாட்டிகா, 1936இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கண்டறியப்பட்டு, வீட்டுப் புல்தரைகளிலும் பரவியது. மகரந்தச் சேர்க்கையின்றியே அது விதை தரும். பூச்சியை நம்பாத செடிக்குப் பயணம் எளிது.

கிப்போசாவுக்கோ சிறு பூச்சிகளின் உதவி வேண்டும். அதன் பூவிதழ் துள்ளி மூடி, வந்தமரும் பூச்சியைச் சிறிது நேரம் சிறைப்படுத்தும். தப்பிச் செல்லும் வழியில் பூச்சியின் மீது மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். விதை முளைப்பதற்கு மண்ணிலுள்ள பூஞ்சையும் தேவை. எனவே, செடியைப் பெயர்த்து வேறிடத்தில் நடுவது மட்டும் போதாது.