நிற்கும் எஞ்சினும் ஓடும் எஞ்சினும்

டொராண்டோவில் சி.என். கோபுரத்தின் காலடியில் பெரிய கறுப்பு நீராவி எஞ்சின் ஒன்று நிற்கிறது. எண் 6213. மாண்ட்ரியல் லோகோமோட்டிவ் வொர்க்ஸ் 1942-ல் கட்டியது. நீராவிக் காலம் முடிந்ததும் கனடியன் நேஷனல் ரயில்வே 1960-ல் அதை நகரத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டது. அரை நூற்றாண்டு காலம் கண்காட்சி மைதானத்தில் நின்றுவிட்டு, 2009-ல் பழைய ஜான் தெரு லோகோ ஷெட்டின் முன்னால் வந்து சேர்ந்தது. அந்த ஷெட்டின் ஒரு பகுதியில் இன்று ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. இன்னொரு பகுதியில் பியர் ஆலை. அதற்குப் பெயர் 'ஸ்டீம் விசில்'. ஊதல் பெயரளவிலாவது மிஞ்சியதே என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் மகனை அங்கே கூட்டிப்போனபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "இது ஓடுமாப்பா?" ஓடாது என்றேன். "அப்ப இது எஞ்சின் இல்லையே!"

பதில் சொல்லத் தெரியாததால் அடுத்த ஞாயிறு அவனை டாட்டன்ஹாம் அழைத்துப்போனேன். டொராண்டோவிலிருந்து வடமேற்கே, காரில் ஒரு மணி நேரத் தொலைவில் வயல்களுக்கு நடுவே உள்ள சிற்றூர். 1870-களில் போடப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட ரயில் பாதையின் ஒரு துண்டில், 1992 முதல் சவுத் சிம்கோ ரயில்வே பயணிகளை ஏற்றிப் பீட்டன் ஊர்ப் பக்கமாகப் போய்த் திரும்புகிறது. பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பில் நடக்கிறது.

இங்குள்ள 136-ம் எண் எஞ்சின் 1883-ல் நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரில் ராஜர்ஸ் தொழிற்சாலையில் பிறந்தது. 6213-ஐவிட ஏறக்குறைய அறுபது வயது மூத்தது. இத்தனை காலம் எப்படித் தப்பியது? அதன் வலிமையால் அல்ல, ஒரு பாலத்தின் பலவீனத்தால்! நியூபிரன்ஸ்விக் மாநிலத்தில் நார்ட்டன்-சிப்மன் கிளைப் பாதையில் இருந்த பாலம் புதிய கனமான எஞ்சின்களைத் தாங்காது. அதனால் கனடியன் பசிபிக் நிறுவனம் மூன்று பழைய சிறிய எஞ்சின்களை அங்கே 1950-களின் கடைசி வரை ஓட்டிக்கொண்டிருந்தது. அவற்றில் ஒன்று 136.

சரி, ஒரு நீராவி எஞ்சினை ஓடும் நிலையில் வைத்திருப்பதில் அப்படி என்ன சிரமம்? சக்கரமும் பிஸ்டனும் கண்ணுக்குத் தெரிபவை. தேய்ந்தால் மாற்றலாம். சிக்கலெல்லாம் கொதிகலனுக்குள்ளே இருக்கிறது. கொதிகலனின் பின்பகுதியில் உலை. உலைக்கு மேலே கூரைபோல ஓர் இரும்புத் தகடு. தகட்டுக்குக் கீழே ஆயிரம் டிகிரி செல்சியசைத் தாண்டிய நெருப்பு, மேலே தண்ணீர். தண்ணீர் வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருப்பதால் தகடு ஏறக்குறைய 200 டிகிரிச் சூட்டோடு தப்பித்துக்கொள்கிறது. நீர்மட்டம் இறங்கித் தகடு வெளியே தெரிந்துவிட்டால் சில நிமிடங்களில் செந்தணலாகி இளகிவிடும். மேலிருந்து அழுத்தும் நீராவி அதைக் கிழிக்கும். அழுத்தம் விட்டுப்போன அந்தக் கணத்தில், அதுவரை கொதிக்காமல் அடங்கியிருந்த சூடான நீரில் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகும். சாதாரணக் காற்றழுத்தத்தில் ஆவி, தான் பிறந்த நீரைப்போல் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். அதுதான் கொதிகலன் வெடிப்பு.

எனவே ஃபயர்மேனின் முதல் வேலை கரி அள்ளிப்போடுவதல்ல, நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்ப்பது. அந்தக் குழாயின் வழிகளில் உப்பு அடைத்துக்கொண்டால் அது பொய் சொல்லும். ஆகவே அதை அடிக்கடி திறந்து ஊதிவிட வேண்டும். இது புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் கை பழகினால்தான் வரும்.

பழகாத கை என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். ஆண்டாரியோவின் கிங்ஸ்டன் நகரில் 1948-ல் கட்டப்பட்டது 1278-ம் எண் எஞ்சின். பிற்காலத்தில் அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் அருகே சுற்றுலா ரயிலை இழுத்துக்கொண்டிருந்தது. 1995 ஜூன் 16 அன்று நீர்மட்டம் குறைந்தது ஓட்டியவர்களுக்குத் தெரியாமல் போய், உலையின் கூரைத் தகடு கிழிந்தது. எஞ்சினில் இருந்த மூவர் கடுமையாக வெந்துபோனார்கள். விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பராமரிப்பிலும் பயிற்சியிலும் இருந்த குறைகளைச் சுட்டியது. இதையடுத்து 1999-ல் அங்கே விதிகள் திருத்தப்பட்டன. எஞ்சினில் தீ மூட்டிய நாட்கள் 1,472 ஆனாலோ, 15 வருடங்கள் ஆனாலோ, எது முந்துகிறதோ அப்போது குழாய்களையெல்லாம் உருவி, கொதிகலனின் உள்ளே தகடுகளின் தடிப்பை அளந்து பார்த்தாக வேண்டும்.

இதில் என் மனதில் தங்கிய விஷயம் வேறு. கூரைத் தகட்டைத் தாங்கும் ஆணிகளை 1278-ல் ஒரே வகையாகப் பொருத்தாமல் கலந்து பொருத்தியிருந்தார்கள். அதனால் தகடு ஒரேயடியாகக் கிழியாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தது. கொதிகலன் முழுதாக வெடிக்கவில்லை. பயணிகளில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 1948-ல் கட்டியவர்களின் அறிவு இரும்பில் பத்திரமாக இருந்தது. மனிதர்களிடம்தான் தொலைந்திருந்தது.

என் தொழிலிலும் இதைப் பார்க்கிறேன். முப்பது வருடப் பழைய நிரலின் மூலவரிகள் முழுதாக இருக்கும். தொட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார்.

இந்த விஷயத்தில் நம்மூர் கொஞ்சம் பெருமைப்படலாம். 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸில் கட்டிய 'ஃபேரி குயின்' எஞ்சினை 1997-ல் மறுபடி ஓடவைத்ததில் பெரம்பூர் பணிமனைக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் சம வயதுக்காரரான இ.ஐ.ஆர்.21, காட்சிப் பொருளாக வெறும் கூடாகிவிட்டிருந்தது. காணாமல்போன பாகங்களைப் புதிதாகச் செய்து 2010-ல் அதையும் ஓட்டிக் காட்டினார்கள். திருச்சி பொன்மலைப் பணிமனை ஒரு படி மேலே போய், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பழைய எஞ்சின்களின் மாதிரியில் 2011 முதல் உதகை மலை ரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சின்களையே கட்டியது. மேட்டுப்பாளையம்-குன்னூர் பாதையில் நீராவி நிற்காமல் ஓடியதால் அந்தத் தொழிலும் கை மாறிக் கை மாறி வந்தது.

பாகங்களை மாற்றிக்கொண்டே போனால் அது பழைய எஞ்சின்தானா என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஓட்ட ஓட்ட அசல் இரும்பு தேயத்தான் செய்யும். 6213-ஐப் போல ஓடாமல் நிற்பவையும் வேண்டும். கட்டியவர்கள் வைத்த உலோகம் அவற்றில்தான் மிஞ்சும். ஆனால் எல்லாமே நின்றுவிட்டால், ஒன்றை மறுபடி ஓடவைக்க ஆள் இருக்காது.

டாட்டன்ஹாமில் பொழுது விடியுமுன்பே தீ மூட்டியிருந்தார்கள். இரும்பு சீராகச் சூடேற மணிக்கணக்கில் ஆகும். அவசரப்படுத்தினால் மூட்டுகள் கசியும். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் கண்ணாடிக் குழாயைக் காட்டி இருபது வயதுப் பெண்ணுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வால்வைத் திறந்தாள். புஸ்ஸென்று ஆவி சீறியது, மட்டம் இறங்கி மீண்டும் ஏறி நின்றது. அவர் தலையை ஆட்டினார்.

போக நினைப்பவர்கள் கோடையில் போங்கள். டீசல் எஞ்சின் இழுக்கும் நாட்களும் உண்டு என்பதால் முன்னதாகவே கேட்டுக்கொள்வது நல்லது. முடிந்தால் வண்டி புறப்படுவதற்கு வெகு முன்பே போய், எஞ்சின் பக்கத்தில் நில்லுங்கள்.