மாடிக் கம்பியும் மாதச் சந்தாவும்

நொய்யல் பாயும் கொங்கு நாட்டில், சென்ற நூற்றாண்டின் எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும், ஓட்டு வீடுகளின் முகட்டிலும் தார்சு மாடிகளின் மூலையிலும் இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் அலுமினியக் கம்பிகளை வரிசையாகப் பூட்டி நிறுத்தியிருந்த காட்சி சர்வ சாதாரணமானது. கோயம்புத்தூர் நகரத்து மாடிகளில் அக்கம்பிகள் பெரும்பாலும் தென்கிழக்கு நோக்கியே நின்றன. அந்தத் திசையில், ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில், பழனி மலைத் தொடரின் மேல் கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் இருந்தது. அதிலிருந்து புறப்பட்ட தூர்தர்ஷன் அலைதான், கேபிள் வராத அந்தக் காலத்தில், உடுமலை, தாராபுரம், பல்லடம், திருப்பூர் என்று இப்பிரதேசத்தின் பெரும்பகுதிக்கும் தொலைக்காட்சியாக விளங்கியது. பெட்டியும் கம்பியும் ஒருமுறை வாங்கினால் போதும். பிறகு மாதந்தோறும் எவருக்கும் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை.

இன்று கோவையில் வசிக்கும் ஒருவர், மாதச் சந்தா இல்லாமல் மறுபடியும் அப்படித் தொலைக்காட்சி பார்க்க இயலுமா என்று கேட்டால், அதற்கு விடை சொல்வதற்கு முன், அந்தப் பழைய ஏற்பாடு எவ்வாறு இயங்கியது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் நாம் எதை இழந்தோம் என்பது அதில்தான் விளங்கும்.

தொலைக்காட்சி அலை நேர்கோட்டில் செல்லும் இயல்புடையது. வானொலியின் மத்திய அலையைப் போல அது பூமியின் வளைவைத் தழுவிக்கொண்டு நெடுந்தூரம் ஓடாது. கோபுரத்தின் உச்சிக்கும் நம் வீட்டுக் கம்பிக்கும் இடையே மலையோ பெருங்கட்டடமோ குறுக்கிட்டால் அங்கேயே மங்கிவிடும். ஆகவே கோபுரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் அதன் ஆட்சி செல்லும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோயம்புத்தூரோ சுமார் 410 மீட்டர். சமவெளிக்கு மேல் 1,700 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஒரு கோபுரத்திலிருந்து, காற்று மண்டலம் அலையைச் சிறிது வளைத்துக் கொடுக்கும் உதவியையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஏறத்தாழ 170 கிலோமீட்டர் வரை மறைப்பின்றி அலை செல்லக்கூடும். சென்னையில் இதே பரப்பை எட்ட வேண்டுமானால் வானளாவிய கோபுரம் கட்டினாலும் போதாது. இங்கே மலையே கோபுரத்தின் வேலையைச் செய்தது. கோவைக்கும் கொடைக்கானலுக்கும் இடையே தேசப்படத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பவர்கள், அது ஏறக்குறைய உடுமலைப்பேட்டையின் மேலாகவே செல்வதைக் காணலாம். நடுவில் பெரும்பாலும் திறந்த சமவெளிதான். அதே சமயம், மேற்கு மலைகளின் அடிவாரத்தை ஒட்டிய சில ஊர்களில் மலை முகடே மறைப்பாக நின்று, எவ்வளவு உயரமான குழாய் நட்டாலும் படம் தெளியாமல் போனதும் உண்டு.

கம்பியின் அமைப்பும் விசேஷமானது. 1926ஆம் ஆண்டில் ஜப்பானின் தொஹோகு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஷிந்தாரோ உடா, ஹிதெத்சுகு யாகி என்னும் இரு விஞ்ஞானிகள் உலகுக்கு அளித்த சாதனம் அது. நடுவில் மடித்து வளைத்த ஒரு கம்பிதான் உண்மையில் அலையை ஏற்று ஒயர் வழியே கீழே அனுப்புவது. அதன் பின்னே சற்று நீளமாக நிற்பது அலையைத் திருப்பியடிக்கும் கம்பி. முன்னே சிறிது சிறிதாகக் குறுகிக்கொண்டே போகும் கம்பிகள் அலையை வழிநடத்திச் சேர்ப்பவை. இவற்றில் எதற்கும் மின்சாரம் வேண்டாம். கம்பியின் நீளம் அலையின் நீளத்தில் ஏறக்குறைய பாதியாக இருக்க வேண்டும் என்பதே இதன் ரகசியம். 62 மெகாஹெர்ட்ஸ் அளவில் வரும் ஒளிபரப்புக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நீளக் கம்பியும், 200 மெகாஹெர்ட்ஸ் அளவில் வருவதற்கு முக்கால் மீட்டர் கம்பியும் வேண்டியிருந்தது இதனால்தான். தூரம் அதிகமான ஊர்களில் கம்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள்; அதுவும் போதாதபோது பூஸ்டர் என்ற சிறு பெட்டியை மாட்டினார்கள். பூஸ்டர் படத்தை மட்டுமல்லாமல் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும் என்பதால், நல்ல உயரமும் சரியான திசையும்தான் எப்போதும் மேலான பரிகாரமாக இருந்தன.

காற்றடித்தால் குழாய் திரும்பிவிடும். காக்கை உட்கார்ந்தால் கம்பி சாயும். அப்போது வீட்டின் இளையவர் மாடியேறிக் குழாயைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் கூடத்திலிருந்து குரல் கொடுப்பார்கள். "அப்புச்சி, இப்பத் தெரியுதுங்களா?" என்று மேலிருந்து கேள்வி வரும். "புள்ளி புள்ளியாத்தான் தெரியுது. இன்னுங் கொஞ்சம் உடுமலைப் பக்கமாத் திருப்பு கண்ணு!" என்று கீழிருந்து பதில் போகும். வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்' தொடங்குவதற்குள் இந்தத் திருப்பணி முடிந்தாக வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டி இல்லாத அண்டை வீட்டார் அதற்குள் பாய் விரித்து அமர்ந்திருப்பார்கள். 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியைத் தோட்டத்து விவசாயிகள் உண்மையான அக்கறையோடு பார்த்ததையும், இராமாயணத் தொடர் வந்த ஞாயிறு காலைகளில் ஊர் வீதிகள் வெறிச்சோடியதையும் அக்காலத்தவர் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

இந்த வளர்ச்சி முதலில் மெதுவாகவே நிகழ்ந்தது. 1959 செப்டம்பரில் தில்லியில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய தொலைக்காட்சி, சென்னைக்கு வர 1975 ஆகஸ்ட் 15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ணம் வந்த பிறகே நாடெங்கும் நிலையங்கள் பெருகின. ஆரம்பத்தில் தொலைக்காட்சிக்கும் தபால் நிலையத்தில் ஆண்டுக் கட்டணம் கட்டி உரிமம் பெற வேண்டியிருந்தது. எண்பதுகளின் நடுவில் அதுவும் நீங்கியபின், ஆகாயத்திலிருந்து வரும் காட்சி முற்றிலும் இலவசமாயிற்று.

பிறகு கேபிள் வந்தது. 1993 ஏப்ரலில் சன் டி.வி. தொடங்கியபின், தமிழிலேயே படங்களும் தொடர்களும் நாளடைவில் பொழுதெல்லாம் கிடைக்க, மாடிக் கம்பிகள் கவனிப்பாரற்று நின்றன. சில துருப்பிடித்தன, சில பழைய இரும்புக் கடைக்குப் போயின. பார்ப்பவர் குறைந்த ஒளிபரப்பை எத்தனை காலம் நடத்துவது என்று கேட்பதிலும் நியாயம் உண்டு. 2021 அக்டோபரில், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி, அடுத்த மார்ச் மாத இறுதிக்குள், முக்கியமான இடங்களில் உள்ள ஏறக்குறைய 50 நிலையங்கள் நீங்கலாக, பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பை நாடு முழுவதும் நிறுத்திவிடுவதாக அறிவித்தது. பழைய முறையைக் கைவிட்டதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த இடத்தில் புதிய முறையைக் கொண்டுவராமல் விட்டதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

அந்தப் புதிய முறைக்கு டி.வி.பி. டி-2 என்று பெயர். அதே ஆகாயம், அதே மாடிக் கம்பி; ஆனால் வருவது டிஜிட்டல் அலை. முன்பு ஒரே ஒரு அலைவரிசை பிடித்துக்கொண்டிருந்த இடத்தில் பல அலைவரிசைகளை இதில் அடக்கலாம். கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலையால் முன்பு நிழல் போல இரட்டைப் படம் தெரிந்ததே, அந்தத் தொல்லையும் இதில் இல்லை. தூர்தர்ஷன் இதை 2016 பிப்ரவரியில் 16 நகரங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இடம் பெற்றது சென்னை மட்டுமே, கோயம்புத்தூர் இல்லை. ஆகையால், இணையத்தில் விற்கும் உள்ளறை ஆன்டெனாவை வாங்கிச் சுவரில் மாட்டினால் நூறு அலைவரிசைகள் இலவசமாக வரும் என்ற விளம்பரத்தை நம்பிக் கோவை வாசகர் எவரும் பணத்தைச் செலவிட வேண்டாம். கம்பியில் குறை இல்லை. அது பிடிப்பதற்கு இங்கே அலைதான் இல்லை.

அப்படியானால் சந்தா இல்லாத வழியே கிடையாதா என்றால், உண்டு. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய, இப்போது டி.டி. ஃப்ரீ டிஷ் என்று வழங்கும் சேவைதான் அது. தரையிலிருந்து அல்லாமல், பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட்-15 என்னும் இந்தியச் செயற்கைக்கோளிலிருந்து அலை வருகிறது. 60 சென்டிமீட்டர் அளவுள்ள தட்டும், அதன் முன்னே எல்.என்.பி. என்னும் சிறு கருவியும், ஒரு செட்டாப் பெட்டியும் இருந்தால் போதும். இவற்றுக்கு ஒருமுறை ஆகும் செலவு ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். அதன் பிறகு மாதக் கட்டணம் என்ற பேச்சே இல்லை.

கோவை மாடியில் தட்டை நிறுத்துபவர் தென்கிழக்கே, கிழக்குப் பக்கம் சற்று அதிகமாகச் சாய்த்து, ஏறக்குறைய 67 பாகை உயரத்தை நோக்க வேண்டும். கொடைக்கானலை நோக்கி நின்ற பழைய கம்பியைக் கிழக்கே இருபது பாகைக்குச் சற்று அதிகமாகத் திருப்பி, அதன்பின் தலை நிமிர்த்தினால் அந்த இடம் வரும். தட்டின் அமைப்பினால், அதன் முகம் உண்மையான நோக்கைவிடத் தாழ்வாகச் சாய்ந்திருப்பது போலக் கண்ணுக்குத் தோன்றும். அதைக் கண்டு தவறென்று எண்ணித் திருத்திவிடக் கூடாது. இவ்வளவு உயரமாக நோக்குவதால் பக்கத்துக் கட்டடம் மறைப்பது அரிது. ஆனால் வீட்டை ஒட்டி வளர்ந்த தென்னை மறைக்கும், காற்றில் ஓலை அசையும்போது படம் விட்டுவிட்டு வரும். கனமழை பெய்யும் வேளையில் சற்று நேரம் படம் நின்றுவிடுவதும் இயல்பு. இடி மின்னல் மிகுந்த சித்திரை வைகாசி மழைக்கு முன், தட்டைத் தாங்கும் குழாயைத் தரையோடு எர்த் செய்து வைப்பது அவசியம்.

இச்சேவையில் நூற்றுக்கு மேற்பட்ட அலைவரிசைகள் இருந்தாலும், தனியார் அலைவரிசைகளுக்கான இடங்கள் ஏலத்தில் விற்கப்படுவதால், அவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்தியே. 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயர் மாறி டி.டி. தமிழ் ஆன நம் தூர்தர்ஷனும், மாணவர்களுக்கான பி.எம். இ-வித்யா கல்வி அலைவரிசைகளும், வானொலி நிலையங்களும் கிடைக்கின்றன. தமிழர் வீட்டுக்கு இது போதுமென்று சொல்ல முடியவில்லை. கிரிக்கெட் ரசிகர்களுக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி உண்டு. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விளையாட்டுப் போட்டிகளின் ஒளிபரப்பைப் பிரசார் பாரதியுடன் பகிர்ந்தே ஆக வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. அவ்வாறு பகிரப்படும் ஒளிபரப்பைத் தூர்தர்ஷனின் தரைவழிச் சேவையிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், கேபிளுக்கும், டி.டி.எச். எனப்படும் தனியார் செயற்கைக்கோள் சேவைகளுக்கும் கொடுக்கலாகாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில், கிரிக்கெட் ஒளிபரப்பைப் பற்றி எழுந்த வேறொரு வழக்கில், ஆகாய அலைகள் பொதுச் சொத்து, பொதுமக்களின் நன்மைக்காகவே அவை உபயோகப்பட வேண்டும் என்று கூறியது. ஊர்ப் பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுப்பதற்கு ஒப்பான உரிமை இது என்று நான் கருதுகிறேன். வாடகை வீட்டில் குடியிருக்கும் மில் தொழிலாளிக்கும், அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில் மாடி உரிமையே இல்லாத குடும்பத்துக்கும் தட்டு வைக்கும் சௌகரியம் பல சமயம் கிடைப்பதில்லை. ஜன்னலோரம் வைத்த சிறு கம்பியே போதுமான தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு அவர்களுக்குத்தான் முதலில் உதவும். புயலோ வெள்ளமோ வந்து இணையம் செயலிழக்கும் நாளிலும், ஒரே கோபுரம் லட்சக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் செய்தி சொல்லும்.

இது நடக்கக்கூடியதுதான் என்பதற்குத் தமிழிலேயே உதாரணம் இருக்கிறது. சிங்கப்பூர் தனது அனலாக் ஒளிபரப்பை 2019 ஜனவரித் தொடக்கத்தில் நிறுத்தி, டி.வி.பி. டி-2 முறைக்கு முழுமையாக மாறியது. அங்கே உள்ள தமிழர் ஒரு சாதாரணக் கம்பியை மாட்டினால் வசந்தம் தமிழ் அலைவரிசையைச் சந்தா இன்றிப் பார்க்கலாம். இருபது லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை கொண்ட கோவை மாநகர்ப் பகுதியில் அது இயலாதிருப்பது நியாயமன்று. 2017 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்கு 2021 இறுதிக்குள் தரைவழி டிஜிட்டல் சேவை கிடைக்க வேண்டுமென்று பரிந்துரைத்தது. தனியாரையும் அத்துறையில் அனுமதிக்கலாம் என்றது. அந்த அளவுகோலின்படி கோயம்புத்தூருக்கு உரிய முறை வந்து கடந்தும் போய்விட்டது. இப்போது கைபேசிக்கே இணையமின்றி ஒளிபரப்பை நேராக அனுப்பும் புதிய முறையைப் பெங்களூரு, தில்லி முதலிய இடங்களில் சோதித்திருக்கிறார்கள். அது நாடெங்கும் பரவும்போதேனும் இந்நகரம் விடுபடாதிருக்க வேண்டும்.

கொங்கு நாட்டின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும், இங்குள்ள தொழில் சபைகளும் நுகர்வோர் மன்றங்களும் இந்தக் கோரிக்கையைப் பிரசார் பாரதியின் முன் எழுத்து மூலமாக வைக்க வேண்டும். கோவைக்கும் சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு வேண்டும், ஃப்ரீ டிஷ்ஷில் தமிழ் அலைவரிசைகளுக்குத் தனி இட ஒதுக்கீடு வேண்டும் என்னும் இவ்விரண்டையும் வாசகர்கள் தங்கள் தொகுதி உறுப்பினரிடம் தயங்காமல் கேட்க வேண்டும்.