மாலை மின்சாரத்தின் விலை

வெளி மாநிலங்களில் குடியிருக்கும் நம்மவர் வீடுகளுக்கு மாதந்தோறும் வந்து சேரும் மின்கட்டணச் சீட்டு அண்மைக் காலமாகச் சில இடங்களில் புதிய தோற்றம் கொண்டு வருகிறது. எத்தனை யூனிட் செலவாயிற்று, யூனிட் ஒன்றுக்கு என்ன விலை என்னும் இரண்டு கணக்கோடு நின்ற சீட்டில், எந்த நேரத்தில் செலவாயிற்று என்னும் மூன்றாவது கணக்கும் தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. இந்தியிலோ மராத்தியிலோ மலையாளத்திலோ பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் அந்த வரிகளை வாசிக்கப் பொறுமையின்றி, அடியிலுள்ள மொத்தத் தொகையை மட்டும் பார்த்துப் பணத்தைக் கட்டிவிடுவது நம்முள் பலரின் வழக்கம். அவ்வரிகளின் பொருள் என்ன, அவற்றால் நம் குடும்பத்துக்கு ஆதாயமா நட்டமா என்பதைச் சற்று ஆராய்வோம்.

ஒரே பண்டத்துக்கு வேளைக்கொரு விலை என்பது நமக்குப் புதிதன்று. முகூர்த்த நாளில் மல்லிகைப்பூ விற்கும் விலை வேறு. மறுநாள் விலை வேறு. ஆனால் மல்லிகையையேனும் ஈரத்துணியில் சுற்றி ஓரிரவு வைத்துக்கொள்ளலாம். மின்சாரத்தை நெல்லைப்போலப் பத்தாயத்தில் கொட்டி வைப்பது எளிதன்று. நாம் சுவிட்சைத் தட்டும் அதே கணத்தில் எங்கோ ஒரு மின்நிலையம் அந்த அளவு மின்சாரத்தை உற்பத்தி செய்தாக வேண்டும். சேமிக்கும் வழிகளும் இல்லாமலில்லை. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில், தேவை குறைந்த வேளையில் தண்ணீரை மேலணைக்கு இறைத்து, தேவை மிகுந்த வேளையில் கீழே பாயவிட்டு 400 மெகாவாட் வரை மின்சாரம் எடுக்கிறார்கள். மேற்கு வங்கத்துப் புரூலியாவில் இதே முறையில் 900 மெகாவாட் கிடைக்கிறது. பெரிய பாட்டரிகளும் வந்துகொண்டிருக்கின்றன. எனினும் 2024 மே 30 அன்று நாட்டின் மின்தேவை 250 கிகாவாட்டைத் தொட்டது. அதாவது இரண்டரை லட்சம் மெகாவாட். அதன்முன் இந்தச் சேமிப்பு மிகச் சிறிது.

இவ்வளவு பெரிய தேவையும் ஒரே வலையமைப்பில் தொங்குகிறது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களிலும் வட இந்தியாவில் மின்சாரம் அடியோடு நின்றபோது, தில்லியில் மெட்ரோ ரயில் நின்றது. நெடுந்தூர ரயில்கள் வழியில் நின்றன. அன்று நம் சொந்த ஊர்களில் விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. தென்னிந்திய மின்வலை அப்போது வடக்கோடு ஒத்திசைவாக இணைக்கப்படவில்லை என்பதே காரணம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் சோலாப்பூர் மின்பாதை வழியே அந்த இணைப்பும் ஏற்பட்டது. அதன்பின் தில்லியில் ஓடும் குளிர்சாதனமும் திருநெல்வேலியில் பாட்டியின் தலைமாட்டில் சுழலும் விசிறியும் விநாடிக்கு 50 சுற்று என்னும் ஒரே துடிப்பில் இயங்குகின்றன. தேவை மிகுந்து உற்பத்தி குறைந்தால் அந்தத் துடிப்பு தளரும். உற்பத்தி மிகுந்தால் துள்ளும். இரண்டையும் நொடிக்கு நொடி சமன் செய்துகொண்டே இருப்பதுதான் மின்வலையை நடத்துவோரின் ஓயாத பணி.

அப்பணி மாலையில்தான் கடினமாகிறது. நம் நாட்டில் நிறுவப்பட்ட சூரிய மின்திறன் 2025 ஜனவரி இறுதியில் 100 கிகாவாட்டைக் கடந்தது. வெயில் ஏற ஏறப் பகலில் மின்சாரம் மலிந்து கிடக்கிறது. பொழுது சாயும்போது அத்தனையும் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் மறைந்துவிடுகிறது. சரியாக அதே வேளையில்தான் மக்கள் அலுவலகத்திலிருந்து வீடு திரும்பி, விளக்கையும் தொலைக்காட்சியையும் குளிர்சாதனத்தையும் முடுக்குகிறார்கள். நிலக்கரி நிலையங்களோ அடுப்பை அணைத்து மூட்டுவதுபோல நினைத்த நேரத்தில் நிறுத்தி ஓட்டக்கூடியவை அல்ல. ஆகவே மாலையில் கிடைக்கும் மின்சாரத்துக்குப் போட்டி மிகுகிறது. மின்சாரச் சந்தையில் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று ஒழுங்குமுறை ஆணையம் வைத்த உச்சவரம்பை மாலை விலை முட்டி நின்ற நாட்கள் பல; நடுப்பகலிலோ அதில் ஒரு பகுதி விலைக்கே மின்சாரம் கைமாறியிருக்கிறது. மேலும், ஆண்டில் சில நூறு மணி நேரத் தேவைக்காகவே கட்டி வைத்த நிலையங்களும் கம்பிப் பாதைகளும் உண்டு. எப்போதோ வரும் விருந்துக்காக அண்டா குண்டான்களை வாங்கி அடுக்கி, அவற்றுக்கு வட்டியும் கட்டிக்கொண்டிருப்பது போன்ற செலவு அது. அச்செலவு முழுவதும், மாலையில் ஒரு விளக்கு மட்டும் எரிப்பவர் உட்பட, எல்லார் கட்டணத்திலும் பரவி நிற்கிறது.

இந்த நிலைமையைக் கருதியே மத்திய அரசு 2023 ஜூன் மாதத்தில் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. சூரிய ஒளி மிகுந்த எட்டு மணி நேரத்துக்கு வழக்கமான விலையைவிடக் குறைந்தது 20 சதவிகிதம் தள்ளுபடி தரவேண்டும். தேவை மிகுந்த நேரத்துக்கு வீடுகளிடம் 10 சதவிகிதமேனும், வணிக நிலையங்கள் தொழிற்சாலைகளிடம் 20 சதவிகிதமேனும் கூடுதலாக வாங்கவேண்டும் என்பது திருத்தத்தின் சாரம். 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வணிக, தொழில் இணைப்புகளுக்கு 2024 ஏப்ரல் 1 முதலும், விவசாயம் நீங்கலாக மற்றெல்லாருக்கும் 2025 ஏப்ரல் 1 முதலும் இது வரவேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது. இந்த ஏற்றத்தாழ்வு மின்சாரத்தின் விலைக்கு மட்டுமே, நிலைக்கட்டணத்துக்கு இல்லை. நேரத்தைக் குறித்து வைக்கும் ஸ்மார்ட் மீட்டர் இல்லாத வீட்டில் இக்கணக்கைப் போடவும் இயலாது. எந்தெந்த மணி நேரம் என்பதை வகுக்கும் பொறுப்பு அந்தந்த மாநில ஒழுங்குமுறை ஆணையத்தைச் சேர்ந்தது.

ஈண்டு ஒரு சொல்லைப் பற்றிக் குறிப்பிட்டாக வேண்டும். 'பீக் அவர்' என்பதை 'உச்ச நேரம்' என்று தமிழாக்குவது அலுவலக வழக்கம். நாமும் அப்படியே எழுதி வந்திருக்கிறோம். ஆனால் வீட்டுப் பெரியவர்களிடம் 'உச்ச நேரத்தில் துணி துவைக்கும் இயந்திரத்தைப் போடாதீர்கள்' என்றால், அவர்கள் உச்சிப் பொழுதை நினைத்துக்கொண்டு, வெயில் தாழ்ந்த பிறகு போடுகிறார்கள்! விலை மலிந்த வேளையை விட்டு விலை மிகுந்த வேளைக்கு மாறுவதாக அது முடிகிறது. 'நெருக்கடி வேளை' என்றே இக்கட்டுரையில் எழுதுவோம்.

நெருக்கடி வேளை எங்கும் ஒன்றாக இல்லை. கேரளத்தில் 2024 டிசம்பர் மாதத்து உத்தரவின்படி, மாதம் 250 யூனிட்டுக்கு மேல் செலவிடும் வீடுகளுக்கு மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 25 சதவிகிதம் கூடுதல். காலை 6 முதல் மாலை 6 வரை 10 சதவிகிதம் குறைவு. மகாராஷ்டிரத்தில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளுக்குக் காலை 9 முதல் மாலை 5 வரை யூனிட்டுக்கு 80 பைசா தள்ளுபடி என்று மகாவிதரண் நிறுவனம் 2025 ஜூலையிலிருந்து அறிவித்தது. ஆயினும் இது முலுண்டிலும் தாணேயிலும் புனேயிலும் இருப்பவர்களுக்கான செய்தி. மாட்டுங்காவில் இருப்பவருக்கு மின்சாரம் தருவது 'பெஸ்ட்'. அவர் அதன் கட்டணப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். தில்லியின் கதை வேறு. அந்நகரின் தேவை 2024 ஜூன் 19 அன்று 8,656 மெகாவாட்டை எட்டியது பிற்பகல் 3 மணியளவில். இரவு படுக்கப்போகும் வேளையில் குளிர்சாதனங்களால் மற்றொரு சிகரம் எழும். ஆகவேதான் அங்கே பெரிய வணிக இணைப்புகளுக்கு நேரக் கட்டணம் வகுத்தபோது, கோடையில் பிற்பகல் 2 முதல் 5 வரையும் இரவு 10 முதல் 1 வரையும் கூடுதல் விலை வைத்தார்கள். கொச்சியிலுள்ள தம்பி சொல்லும் யோசனையை தில்லியிலுள்ள அக்காள் அப்படியே கைக்கொண்டால் பயனில்லை.

இனி வீட்டுக்குள் வருவோம். எதை மாற்றி வைத்தால் காசு மிஞ்சும்? நம்மவர் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது இட்லிக்கு அரைக்கும் கிரைண்டர். அது எழுப்பும் ஓசையைக் கேட்டால் மின்சாரத்தையெல்லாம் அதுவே விழுங்குவதாகத் தோன்றும். உண்மையில் மேசை மேல் வைக்கும் கிரைண்டர் இழுப்பது 150 வாட் அளவே. ஒரு மணி நேரம் ஓடினாலும் யூனிட்டில் ஏழில் ஒரு பங்குதான். வெந்நீர் போடும் கீசரோ 2,000 வாட். அரை மணியில் ஒரு யூனிட் போயிற்று. ஒன்றரை டன் குளிர்சாதனம் முழு வேகத்தில் ஓடும்போது மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட். இஸ்திரிப் பெட்டி 1,000 வாட். மின்சார அடுப்பு 2,000 வாட். மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்போர், வீடு திரும்பியதும் அதைச் செருகியில் மாட்டுவது நெருக்கடி வேளைக்கே பாரம் சேர்ப்பதாகும். இரவு நெடுநேரம் கழித்து மாட்டினால் ஒரு குறையும் வராது. சூட்டை உண்டாக்குபவை, குளிர்விப்பவை, வண்டிக்கு ஊட்டுபவை ஆகிய இவைதாம் கணக்கில் நிற்பவை. கிரைண்டரை எந்நேரமும் நிம்மதியாக ஓட்டலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வழக்கமான விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மத்திய விதியின் குறைந்த அளவுப்படி பகல் விலை 5 ரூபாய் 60 பைசா. நெருக்கடி வேளை விலை 7 ரூபாய் 70 பைசா. மாதம் 300 யூனிட் செலவாகும் ஒரு வீட்டில், பகலில் யாரேனும் இருப்பவராகி, பகலில் 60 யூனிட்டும் நெருக்கடி வேளையில் 90 யூனிட்டும் போயின என்க. தள்ளுபடி 84 ரூபாய். கூடுதல் 63 ரூபாய். 21 ரூபாய் ஆதாயம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய் இரவு 7 மணிக்குக் கதவைத் திறக்கும் வீட்டில், பகலில் 30, நெருக்கடி வேளையில் 140 என்றால், தள்ளுபடி 42 ரூபாய், கூடுதல் 98 ரூபாய்; 56 ரூபாய் நட்டம். செலவிட்ட மின்சாரம் இரு வீட்டிலும் ஒன்றே.

இவ்விடத்தில்தான் இத்திட்டத்தைப் பற்றி நமக்கு ஓர் உறுத்தல் உண்டு. விலையை வேளைக்கேற்ப மாற்றுவது நியாயம். ஆனால் வேலையை மாற்றி வைக்க வழியுள்ளவருக்கே அது பலன் தரும். ஒரே அறையில் குழந்தைக்கும் முதியவருக்கும் ஒரே குளிர்சாதனத்தை வைத்துக்கொண்டு, தில்லியின் ஜூன் மாத இரவைக் கழிக்கும் குடும்பம் எதை எங்கே மாற்றி வைக்கும்? வேறு ஊரிலிருந்து பிழைக்க வந்து வாடகைக்கு இருப்போரின் நிலை இன்னும் சிக்கலானது. வீட்டுக்காரர் ஒரு துணை மீட்டரை வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வாங்குகிறார். நாமே ஒரு காலத்தில் அத்தகைய மாடிப் பகுதியில் குடியிருந்து, உண்மைக் கட்டணத்தைவிட யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் அதிகம் கொடுத்தது, வீடு மாறிய பிறகே தெரியவந்தது. அப்படிப்பட்ட வீட்டில் குடித்தனக்காரர் பகலில் துவைத்தாலும் தள்ளுபடி அவர் கைக்கு வராது. பல மாநிலங்களில் யூனிட் ஏற ஏற விலையும் படிப்படியாக உயரும் முறை நீடிப்பதால், நேரத்தை மாற்றி மிச்சம் பிடிப்பதைவிட, ஒரு படி கீழே இறங்கும் அளவுக்குச் செலவைக் குறைப்பதே சிறு குடும்பங்களுக்கு மிகுதியான லாபம் தரும் என்பது நம் கருத்து.

தனி வீடு ஒன்றின் மாறுதல் அற்பமாகத் தோன்றலாம். சேர்ந்தால் அதன் வலிமை என்ன என்பதை நாடே ஒரு நாள் கண்டது. 2020 ஏப்ரல் 5 அன்று இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் வீட்டு விளக்குகளை அணைத்து அகல் ஏற்றுமாறு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். தேவை 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையலாம் என்று மின்வலையை நடத்துவோர் கணித்திருந்தனர். குறைந்ததோ 31,000 மெகாவாட்டுக்கும் மேல்! நீர்மின் நிலையங்களைச் சில நிமிடங்களில் 17,500 மெகாவாட்டளவு இறக்கி, பின்னர் அதே விரைவில் ஏற்றித்தான் மின்வலையைக் காத்தார்கள். விநியோக நிறுவனங்கள் நெருக்கடி வரும் நாளுக்கு முன்கூட்டியே செய்தி அனுப்பி, 'நாளை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை செலவைக் குறைத்தால் இவ்வளவு தள்ளுபடி' என்று கேட்கும் முறை இதன் ஒழுங்குபட்ட வடிவமே. தில்லியில் இத்தகைய சோதனைகள் நடந்திருக்கின்றன. கட்டாயமில்லை, குறைத்தவருக்குப் பலன், குறைக்காதவருக்குத் தண்டனை இல்லை. வாடகைக் குடித்தனக்காரருக்கும் வேலைக்குப் போகும் தம்பதிக்கும் இதுவே தோதானது என்று நாம் எண்ணுகிறோம். குளிர்சாதனத்தை இரண்டு பாகை ஏற்றி வைப்பது யாருக்கும் இயல்வது. நட்சத்திர முத்திரை பெற்ற குளிர்சாதனங்கள் 2020 ஜனவரி 1 முதல் 24 பாகையில் தொடங்குமாறே அமைக்கப்பட்டு வருகின்றன. அதைக் கீழே இறக்குவது நம் விரல்தான்.

ஸ்மார்ட் மீட்டர் வந்துவிட்ட வீட்டில் உள்ளோர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அம்மீட்டரைத் தொலைவிலிருந்தே நாளுக்கு ஒரு முறையேனும் வாசித்து, அவ்விவரத்தை நுகர்வோருக்குத் தரவேண்டும் என்று விதி கூறுகிறது. நிறுவனத்தின் கைபேசிச் செயலியில் அதைக் காணலாம். ஒரு வார விவரத்தை எடுத்து, எந்த மணியில் கோடு உயர்கிறது, அப்போது வீட்டில் எது ஓடிற்று என்று ஒரு தாளில் குறித்துப் பார்த்தால் போதும். மீட்டர் மாற்றிய பிறகு, பழைய மாதங்களுக்கு உங்கள் உச்சத் தேவை அதிகம் என்று அபராதம் கேட்டால், அவ்வாறு கேட்பதற்கு 2023 திருத்தமே தடை செய்திருக்கிறது. வாடகை வீடாயின், துணை மீட்டரின் விலையைப் பேசும்போது வீட்டுக்காரரிடம் அவர் பெயருக்கு வரும் மின்கட்டணச் சீட்டை ஒரு முறை காட்டச் சொல்லிக் கேட்கலாம்.