வாஷிங்டன் படையின் ரொட்டிக்காரர்

ஜெர்மனியின் கீசன் ஊரில் 1720-ல் ஒரு ரொட்டிக்காரரின் மகனாகப் பிறந்தவர் கிறிஸ்டோபர் லுட்விக். அப்பாவின் தொழிலைக் கற்றுக்கொண்டு, பதின்வயதிலேயே ஆஸ்திரியப் படையில் சேர்ந்து துருக்கியரோடு போரிட்டார். பிறகு பிரஷ்யப் படையிலும் இருந்தார், பல ஆண்டுகள் கப்பல்களிலும் அலைந்தார். 1754-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் குடியேறி இஞ்சி ரொட்டிக் கடை வைத்தார். இருபது ஆண்டுகளில் அந்த நகரத்தில் ஒன்பது வீடுகளும், பக்கத்து ஜெர்மன்டவுனில் ஒரு பண்ணையும் அவருக்குச் சொந்தமாயின. பிரிட்டனுக்கு எதிரான கிளர்ச்சி மூண்டபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கிளர்ச்சி தோற்றிருந்தால் இத்தனை சொத்தும் பறிபோயிருக்கும். அப்படியிருந்தும் துப்பாக்கி வாங்க நிதி திரட்டுவதா வேண்டாமா என்று ஒரு கூட்டம் தயங்கி நின்றபோது, ஏழை இஞ்சி ரொட்டிக்காரனான என் பெயரில் 200 பவுன் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லி விவாதத்தை முடித்துவைத்தவர் அவர்தான் என்கிறார் அவருடைய வாழ்க்கையை எழுதிய மருத்துவர் பெஞ்சமின் ரஷ். ஆனால் லுட்விக் புரட்சிக்குக் கொடுத்தவற்றில் பணத்தைவிடப் பெரியது வேறொன்று. சாதாரணச் சிப்பாயின் வயிறும் மனமும் எப்படி இருக்கும் என்று அவர் அனுபவித்து அறிந்திருந்தார். அவர் செய்த முக்கியமான காரியங்கள் எல்லாம் அந்த அறிவிலிருந்தே பிறந்தவை என்பது என் கருத்து.

முதலில் ரொட்டியைப் பார்ப்போம். 1777 மே 3 அன்று, கிளர்ச்சி செய்த குடியேற்றங்களின் மன்றமான கான்டினென்டல் காங்கிரஸ் அவரைப் படையின் ரொட்டித் தயாரிப்புக்குத் தலைவராக நியமித்தது. 100 ராத்தல் மாவு கொடுத்தால் 100 ராத்தல் ரொட்டி தர வேண்டும் என்பது அவரிடம் வைக்கப்பட்ட நிபந்தனை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாவைப் பிசையும்போது நிறையத் தண்ணீர் சேர்கிறது. அடுப்பில் ஒரு பகுதி ஆவியாகப் போனாலும் மிச்சம் ரொட்டிக்குள்ளேயே தங்கி எடையைக் கூட்டுகிறது. இது ரொட்டி சுடுகிறவர்களுக்குத் தெரியும், காங்கிரஸ்காரர்களுக்குத் தெரியவில்லை. வாய் திறக்காமல் இருந்திருந்தால் ஒவ்வொரு 100 ராத்தலுக்கும் முப்பது ராத்தலுக்கு மேல் அவருக்கு மிஞ்சியிருக்கும். போரை வைத்துப் பணக்காரனாக விரும்பவில்லை என்று சொல்லி, 135 ராத்தல் தருவதாக அவரே முன்வந்தார். பணக்காரர் புரட்சியில் சேர்ந்தால் அதில் ஆதாயம் இருக்கத்தான் செய்யும் என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. போர்க்கால ஒப்பந்தங்களில் கொழுத்தவர்கள் அன்றும் இருந்தார்கள் என்பதால் அந்தச் சந்தேகத்தைத் தவறு என்று ஒதுக்க முடியாது. ஆனால் காங்கிரஸுக்குத் தெரியாத ஓர் ஆதாயத்தைத் தானே வெளிச்சம் போட்டுக் காட்டியவரிடம் அந்தச் சந்தேகம் செல்லாது. படைத்தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் அவரை நேர்மையான நண்பர் என்று அழைத்ததில் வியப்பில்லை.

அப்படியானால் 1777-78 குளிர்காலத்தில் வாஷிங்டன் படையின் வேலி ஃபோர்ஜ் முகாமில் வீரர்கள் பசியால் வாடியது ஏன்? நியாயமான கேள்வி. அந்தப் பட்டினிக்குக் காரணம் அடுப்பல்ல. உணவுக் கொள்முதல் துறையைக் காங்கிரஸ் போரின் நடுவே மாற்றியமைத்தது, அதன் தலைவர் விலகினார், சரக்கு ஏற்ற வண்டியும் குதிரையும் போதவில்லை. மாவு வந்து சேராத இடத்தில் எந்த ரொட்டிக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது ஹெஸ்ஸியர்கள். ஜெர்மன் சிற்றரசர்கள் தம் குடிமக்களைப் படைப்பிரிவுகளாக வாடகைக்கு விட்டு பிரிட்டனிடம் பணம் வாங்கினார்கள். இப்படி வந்தவர்களைத்தான் ஹெஸ்ஸியர்கள் என்றார்கள், சுமார் 30,000 பேர். அவர்களை மனித வடிவிலான மிருகங்களாகவே அமெரிக்கர் பலர் நினைத்தார்கள். லுட்விக்கின் கண்ணுக்கு அவர்கள் தன்னைப்போலவே ஏழ்மையிலிருந்து படைக்கு வந்த ஊர்க்காரர்கள். 1776-ல் படையிலிருந்து ஓடிவந்தவர்போல ஸ்டேட்டன் தீவில் இருந்த அவர்களுடைய முகாமுக்குள் நுழைந்து, பென்சில்வேனியாவில் ஜெர்மானியர் எப்படி வாழ்கிறார்கள் என்று அவர்கள் மொழியிலேயே எடுத்துச் சொன்னார் என்று ரஷ் எழுதுகிறார். கைதிகள் விஷயத்திலும் அவருடைய யோசனை இதே வழியில்தான் போனது. அவர்களை பிலடெல்பியாவுக்குக் கூட்டிவந்து, ஜெர்மானியரின் தேவாலயங்களையும் வீடுகளையும் காட்டி, வயிறாரச் சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார். மிச்சத்தை அவர்களே தம் கூட்டத்தாரிடம் சொல்லிக்கொள்வார்கள்.

ரஷ் அவருடைய நண்பர், புகழ்ந்துதான் எழுதுவார் என்று ஆட்சேபிக்கலாம். முகாமுக்குள் நுழைந்த கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கவும் கூடும். ஆனால் அந்த அணுகுமுறை ஒருவர் சொன்ன கதையில் மட்டும் இருப்பதல்ல. கட்சி மாறி வரும் ஜெர்மன் வீரருக்கு 50 ஏக்கர் நிலம் தருவதாகக் காங்கிரஸே 1776 ஆகஸ்டில் தீர்மானித்து, அதை ஜெர்மன் மொழியில் அச்சிட்டுப் பரப்பியது. போர் முடிந்தபோது ஆயிரக்கணக்கான ஜெர்மன் வீரர்கள் ஊர் திரும்பாமல் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார்கள். அதற்கு லுட்விக் ஒருவரே காரணம் என்று சொன்னால் அது மிகை. துப்பாக்கியால் மட்டும் வெல்ல முடியாத எதிரியை நிலத்தாலும் சோற்றாலும் வெல்லலாம் என்று புரிந்துகொண்ட சிலரில் அவரும் ஒருவர் என்பது போதும்.

போரின்போது ஜெர்மன்டவுனில் இருந்த அவருடைய வீட்டை பிரிட்டிஷ் படையினர் சூறையாடினார்கள். பின்னாளில் மஞ்சள் காய்ச்சலுக்குப் பயந்து பலர் பிலடெல்பியாவை விட்டு ஓடியபோது, எழுபது வயதைத் தாண்டிய லுட்விக் ஒரு பேக்கரியில் நின்று ஏழைகளுக்கு இலவசமாக ரொட்டி சுட்டுக் கொடுத்தார். 1801-ல் இறந்தார். சொத்தில் ஒரு பகுதியை ஏழைக் குழந்தைகளின் இலவசப் படிப்புக்கு எழுதிவைத்திருந்தார். அந்தச் சொத்தைக் கொண்டு நடந்த அறக்கட்டளை அவர் பெயரிலேயே பிலடெல்பியாவில் நீடித்து வந்திருக்கிறது.