இதயத்துக்கு எவ்வளவு ரத்தம்? அணு ஸ்கேன் தரும் எண்கள்

இதயத் தசைக்குப் போதிய ரத்தம் செல்கிறதா என்று பார்க்கும் அணு மருத்துவச் சோதனையைப் பலர் இன்றும் 'தாலியம் ஸ்கேன்' என்றே சொல்கிறார்கள். இப்போது பெரும்பாலும் பயன்படுவது டெக்னீசியம்-99எம். ஊசி மூலம் செலுத்தப்படும் இம்மருந்து, ரத்த ஓட்டத்துக்கேற்பத் தசையில் சேர்ந்து காமா கதிர் வீசும். ஓய்வில் ஒரு முறையும், உடற்பயிற்சியாலோ மருந்தாலோ இதயத்தைத் தூண்டி ஒரு முறையும் படம் எடுக்கப்படுகிறது.

படத்தைக் கண்ணால் மட்டும் பார்த்தால் மருத்துவருக்கு மருத்துவர் முடிவு மாறலாம். அதனால் இடது கீழறை 17 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் தரப்படுகிறது. 0 என்றால் இயல்பு. 4 என்றால் மருந்து சேரவே இல்லை. அதிகபட்ச மொத்தம் 68. தூண்டலில் 12, ஓய்வில் 4 என்றால் வித்தியாசமான 8தான் உழைக்கும்போது ஏற்படும் ரத்தக்குறை. அது ஏறத்தாழ 12 சதவீதம். 10 சதவீதத்தைத் தாண்டினால் கணிசமான பாதிப்பாகக் கொள்வது வழக்கம். இரு படங்களிலும் மாறாத குறை பெரும்பாலும் பழைய மாரடைப்பின் தழும்பு.

இம்முறை ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடுதான் ஒப்பிடுகிறது. மூன்று வாய்க்காலிலும் ஒரே அளவு நீர் குறைந்தால் எல்லா வயலும் ஒன்றுபோலவே தெரியும். அதுபோல இதயத் தசைக்கு ரத்தம் தரும் மூன்று முக்கியக் குழாய்களும் சமமாகச் சுருங்கினால் படம் இயல்பாகவே தோன்றக்கூடும்.

இக்குறையைப் போக்குவது பெட் ஸ்கேன். ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு எத்தனை மி.லி. ரத்தம் என்று அது அளக்கிறது. ஓய்வில் 0.8, தூண்டலில் 2.4 என்றால் ஓட்டம் மும்மடங்காகிறது. இரு மடங்குக்கும் கீழே இருந்தால் குறைவு. ஆஞ்சியோவில் அடைப்பு தெரியாத சர்க்கரை நோயாளியின் நுண்குழாய்ப் பாதிப்பையும் இது காட்டும்.

எந்த ஊரில் எந்தச் சோதனை நடக்கும் என்பதை மருந்தின் அரை ஆயுள் தீர்மானிக்கிறது. பெட் சோதனைக்கான நைட்ரஜன்-13, 10 நிமிடத்தில் பாதியாகும். மதுரையில் தயாரித்து ஒரு மணி நேரத்தில் திண்டுக்கல் கொண்டுவந்தால் 64இல் ஒரு பங்கே மிஞ்சும். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் அருகிலேயே இருக்க வேண்டும். டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். அதே பயணத்தில் ஏறத்தாழ ஒன்பதில் எட்டுப் பங்கு நிற்கும்.

சோதனைக்கு முந்தைய நாளிலிருந்தே காபி, தேநீர் கூடாது. அவற்றிலுள்ள கஃபீன், தூண்டும் மருந்தின் வேலையைத் தடுத்து எண்களைப் பிழையாக்கும்.