நவரை நாற்றங்காலும் வடக்கிலிருந்து வரும் வாத்துகளும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு தெற்கே திரும்பிப் பார்த்தால் கழுவேலி நிறைந்து கிடக்கும். விடியற்காலையில் அந்தத் தண்ணீரில் கறுப்புப் புள்ளிகளாக மிதப்பவை எல்லாம் உள்ளூர்ப் பறவைகள் அல்ல. பாதிக்கு மேல் சிறகும் மூக்கும் வேறு மாதிரி இருக்கும். கிராமத்தில் பொதுவாகச் சிறகி என்றும் தாரா என்றும் சொல்லிவிடுகிறார்கள். வால் ஊசிபோல் நீண்டிருந்தால் ஊசிவால் வாத்து. அலகு கரண்டிபோல் அகன்றிருந்தால் தட்டைவாயன். கையளவு சிறியதாக, ஆணுக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைக்கோடு இருந்தால் நீலச்சிறகி. ஐப்பசியில் வந்து இறங்கும்போது ஆண் பறவைகளும் பெட்டையைப் போலவே மங்கலாக இருப்பதால் அடையாளம் காண்பது கடினம். தை மாதம் பார்த்தால் நிறம் ஏறியிருக்கும்.

இவற்றின் சொந்த ஊர் மத்திய ஆசியாவும் சைபீரியாவும். முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது அங்கேதான். நீலச்சிறகி எட்டு ஒன்பது முட்டை இட்டு, மூன்று வாரம் அடைகாக்கும். குஞ்சுகள் ஐந்தாறு வாரத்தில் பறந்தாக வேண்டும். அந்தப் பக்கத்துக் கோடை அவ்வளவு குறுகியது. தண்ணீர் உறையும் முன்பே தெற்கே கிளம்பி, பங்குனி வரை இங்கே தங்கும் பறவைகள் இவை.

இந்தக் காலத்தில்தான் விழுப்புரம் மாவட்டத்தில் சம்பா அறுவடையும் நவரை நடவும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சிக்கலும் அங்கேதான். “ராத்திரியில் வந்து விதைத்த வயலைக் கலக்கிவிட்டுப் போகின்றன, என்ன மருந்து வைக்கலாம்?” என்று மரக்காணம், வானூர் வட்டார விவசாயிகள் கேட்பது வழக்கம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. முளைகட்டிய விதையைக் காசு கொடுத்து வாங்கி, ஆள் வைத்துத் தெளித்தவருக்கு ஒரே இரவில் கால் ஏக்கர் போனால் வயிறு எரியத்தான் செய்யும். பறவை நேசம் பேசுகிறவர்கள் இதை ஒப்புக்கொள்ளாமல் பேசினால் எந்த விவசாயியும் காதுகொடுக்க மாட்டார்.

ஆனால் யார் மேய்ந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நட்ட நாற்றைப் பிடுங்கி, தண்டின் அடியைக் கடித்துப் போட்டிருந்தால் பெரும்பாலும் அது நீலத் தாழைக்கோழி. சம்பங்கோரைக்குள் ஆண்டு முழுவதும் இருக்கிற உள்ளூர்ப் பறவை. இரவில் சீழ்க்கை அடித்துக்கொண்டே கூட்டமாக இறங்குவது சீழ்க்கைச்சிறகி. அதுவும் உள்ளூர்தான். வடக்கிலிருந்து வரும் ஊசிவாலும் நீலச்சிறகியும் இரவில் நெல் வயலுக்கு வருவது உண்மை. அவை அதிகம் நாடுவது தண்ணீர் தேங்கிய அறுவடை வயலில் சிந்திய நெல்லையும் களை விதையையும் சிறு நத்தை, புழுக்களையும். தட்டைவாயன் தன் அகன்ற அலகால் தண்ணீரைச் சலித்து, அதிலுள்ள நுண்ணுயிர்களைத் தின்னும். அதனால் நெற்பயிருக்கு நட்டம் என்று சொல்ல அதிகம் இல்லை.

அறுவடை முடிந்ததும் மேய்ச்சல் வாத்துக்காரர்கள் ஊர் ஊராக ஓட்டிவரும் கூட்டத்தை வயலில் இறக்கச் சொல்லி இடம் கொடுக்கிற பழக்கம் இம்மாவட்டத்துக்குப் புதிதல்ல. சிந்திய நெல்லைத் தின்று, நத்தையைப் பொறுக்கி, எருவும் போட்டுவிட்டுப் போகும் என்பதுதான் காரணம். காட்டு வாத்து செய்வதும் அதே வேலைதான், ஓட்டிவர ஆள் இல்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

இந்த வேலை எவ்வளவு பெறும் என்பதைக் கலிபோர்னியாவில் கணக்குப் பார்த்தார்கள். அங்கே நெல் தாளை எரிப்பதைக் கட்டுப்படுத்த 1991-ல் சட்டம் வந்தது. தாளை என்ன செய்வது என்று தவித்த விவசாயிகள் குளிர்காலத்தில் வயலில் தண்ணீர் தேக்கினார்கள். வடக்கிலிருந்து வந்த வாத்துகள் இறங்கி மிதித்து, கிளறி, மேய்ந்தன. வாத்து மேய்ந்த இடத்தில் தாள் விரைவாக மட்கியதைக் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்து 2000-ல் வெளியிட்டார்கள். ஜப்பானில் மியாகி மாவட்டத்துக் கபுகுரி ஏரியைச் சுற்றிய விவசாயிகள் குளிர்காலத்தில் வயலில் தண்ணீர் கட்டி, வடக்கிலிருந்து வரும் காட்டு வாத்துகளுக்கு இடம் கொடுத்தார்கள். 2005-ல் ஏரியோடு சேர்த்துச் சுற்றியுள்ள நெல் வயல்களும் ராம்சர் பட்டியலில் ஏறின.

கழுவேலியும் இப்போது அந்தப் பட்டியலில் உண்டு. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டின் 16-வது பறவைகள் சரணாலயமாக 5,151.6 ஹெக்டேர் அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் நிலமானது. ராம்சர் என்பது ஈரானில் உள்ள ஊர், 1971-ல் அங்கே கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு அதுவே பெயர். “ராம்சர் வந்தால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள்” என்ற பேச்சு டீக்கடைகளில் உலவுகிறது. உழவையும் மீன்பிடியையும் அடியோடு நிறுத்தச் சொல்வதல்ல அந்த ஒப்பந்தம். ஈரநிலத்தை அறிந்து பயன்படுத்துவதுதான் அதன் அடிப்படைச் சொல். சரணாலய எல்லைக்குள் நடப்பது வேறு. அங்கே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 பொருந்தும். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. தன் சர்வே எண் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்ற ஐயம் இருப்பவர் வதந்தியை நம்பாமல் வட்டாட்சியர் அலுவலகத்திலும் வனச்சரக அலுவலகத்திலும் கேட்டுத் தெளிவதே நல்லது.

கழுவேலி நிறைந்திருப்பதில் விவசாயிக்கு வேறு லாபமும் உண்டு. உப்புக்கள்ளி ஓடை வழியாகவும் எடையன்திட்டு கழிமுகம் வழியாகவும் கடலோடு தொடர்புடைய நீர்நிலை இது. மேற்கேயுள்ள ஏரிகளின் உபரிநீர் வந்து நன்னீராகத் தேங்கினால் நிலத்தடி நீர் ஊறும். தேங்காவிட்டால் கடல்நீர் கிணற்றை நோக்கி நகரும். கிணறு உவர்த்துப் போன கதை கடற்கரை ஊர்களில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி மருந்துக்கு வருவோம். பறவைக்குப் பல் கிடையாது. தின்ற தானியத்தை அரைக்க மணலையும் சிறு கல்லையும் விழுங்கி இரைப்பையில் வைத்துக்கொள்ளும். கார்போபியூரான் 3 சதக் குருணை பார்வைக்கு மணல்போலவே இருப்பதால் சேற்றில் கிடக்கும் குருணையைக் கல் என்று நினைத்து விழுங்கிவிடும். சில குருணைகளே ஒரு சிறு பறவையைக் கொல்லப் போதும். அமெரிக்காவில் இப்படிப் பறவைகள் செத்தது தொடர்ந்து தெரியவந்து, 1991-ல் தொடங்கி 1994-க்குள் குருணை வடிவத்தைப் பெரும்பாலான பயிர்களில் விலக்கினார்கள். போரேட் குருணையை இந்திய அரசு 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்துவிட்டது. பழைய மூட்டை மிச்சமிருக்கிறது என்று யாராவது கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

தெரியாமல் நடப்பது குருணை. தெரிந்தே நடப்பது நெல்லில் விஷம் கலந்து கரையில் தூவுவது. சாகும் பறவையைப் பொறுக்கிக் கறியாக விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கறியில் அதே பூச்சிமருந்து இருக்கும் என்பதை வாங்குகிற குடும்பம் யோசிப்பதில்லை. மஞ்சள் தடவி வறுத்தால் விஷம் போய்விடாது.

இங்கே சாகிற எண்ணிக்கையோடு கணக்கு முடிந்துவிடுவதும் இல்லை. பச்சைத்தலைக் காட்டுவாத்தை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் 1981-ல் ஒன்றைக் காட்டினார்கள். குளிர்காலத்தில் தங்கிய இடத்தில் தண்ணீர் நன்றாக நின்ற ஆண்டுகளுக்குப் பிறகு, அடுத்த பருவத்தில் சேர்ந்த இளம் வாத்துகளின் எண்ணிக்கை உயர்ந்தது. வடக்கே முட்டையிடப் போகும் பெட்டை, இங்கே தின்று சேர்த்த கொழுப்போடுதான் கிளம்புகிறது. தை, மாசியில் கழுவேலிக் கரையில் அரை வயிற்றோடு நின்ற பெட்டை வழியிலேயே விழலாம், போய்ச் சேர்ந்தாலும் முட்டை குறையலாம்.

சரி, நாற்றங்காலை எப்படிக் காப்பது? இந்த வாத்துகள் தண்ணீர் தேங்கிய வயலைத்தான் விரும்பும். நேரடி விதைப்பு செய்தவர் விதைத்த முதல் பத்து நாள் தண்ணீரை வடித்து, ஈரம் மட்டும் இருக்குமாறு வைத்தால் இரவுத் தொல்லை கணிசமாகக் குறையும். வடித்தால் பகலில் புறாவும் மைனாவும் வரும் என்பது உண்மைதான். அதற்குப் பகல் காவல் போதும், இரவில் கண்விழிப்பதைவிட அது எளிது. கழுவேலியை ஒட்டிய வயலுக்கு நேரடி விதைப்பைவிட நடவே மேல். வழக்கமான முறையில் ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்கால் வேண்டும், அதற்கு வலை போர்த்துவது செலவு. திருந்திய நெல் சாகுபடிப் பாய் நாற்றங்காலுக்கு 1 சென்ட் போதும். வீட்டோரம் போட்டு, பழைய மீன்வலையைக் கொம்பு நட்டு உயர்த்திக் கட்டிவிடலாம். வலையைத் தளர்வாகத் தரையில் விட்டால் பாம்பும் பறவையும் சிக்கும். 14 நாள் நாற்று சிறியது, வாத்து மிதித்தால் போய்விடுமே என்று கேட்கலாம். அந்த முறையில் வயலில் தண்ணீரே மெல்லிசாகத்தான் கட்டுகிறோம். பளபளப்பு நாடாவும் விளக்கும் நாலைந்து நாளைக்குத்தான் பயன் தரும். இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காவிட்டால் பறவை பழகிவிடும்.

குருத்துப்பூச்சிக்குப் பயந்து முன்கூட்டியே குருணை போட வேண்டாம். சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல் அல்லது 10 சதம் நடுக்குருத்து காய்ந்தால்தான் மருந்துக்கு வேலை. அதற்கு முன் இனக்கவர்ச்சிப் பொறி வைத்துப் பார்க்கலாம். டிரைக்கோகிரம்மா ஜப்பானிகம் ஒட்டுண்ணி அட்டையை ஏக்கருக்கு 2 சி.சி. வீதம், நட்ட 30 மற்றும் 37-ம் நாளில் கட்டலாம். அட்டை எங்கே கிடைக்கும் என்பதைத் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

பறவைகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் கையால் தொட வேண்டாம். வீட்டு வாத்தையும் கோழியையும் அந்தப் பக்கம் விடாமல், கால்நடை மருத்துவருக்கும் வனத்துறைக்கும் சொல்ல வேண்டும். அது விஷமா பறவைக் காய்ச்சலா என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். 2005-ல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் அந்தக் காய்ச்சலில் செத்த பிறகுதான் இவற்றின் முதுகில் செயற்கைக்கோள் கருவி கட்டி, வழியைப் பின்தொடரும் வேலை ஆசியாவில் சூடுபிடித்தது. கூந்தன்குளத்தில் பட்டைத்தலை வாத்துகளுக்கும் அப்படிக் கருவி கட்டினார்கள்.

கருவி இல்லாவிட்டாலும் சில பறவைகளின் காலில் உலோக வளையம் இருக்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சலீம் அலியின் காலத்திலிருந்து போட்டுவரும் வளையம் அது. பரத்பூரில் வளையம் போட்ட வாத்துகள் சைபீரியாவில் கிடைத்ததால்தான் இவற்றின் வழியே நமக்குத் தெரியவந்தது. வரப்பில் அப்படி ஒன்று கண்ணில் பட்டால், வளையத்திலுள்ள எழுத்தையும் எண்ணையும் விட்டுவிடாமல் குறித்து, நாளையும் ஊர்ப்பெயரையும் சேர்த்து வனத்துறையிடம் கொடுக்கலாம்.