உறையில் அச்சான கணக்கு

இசைப்பது வேறு, இசைத்தட்டு போடுவது வேறு என்கிற பிரிவினை இயற்கையாக வந்ததல்ல. ஸ்டுடியோ, தட்டு வார்க்கும் ஆலை, லாரி, கடை - இவை யார் கையில் இருக்கின்றனவோ அவர்களே எது இசை என்பதையும் தீர்மானிக்கிறார்கள். ஒரு படைப்பு தன் காலத்தின் உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்குமுன், அவற்றினுள் அது எங்கே நிற்கிறது என்று கேட்கச் சொன்னார் வால்ட்டர் பெஞ்சமின், 1934இல். எழுபதுகளின் கடைசியில் பிரிட்டனில் சில இசைக்குழுக்கள் இந்தக் கேள்வியை நடைமுறையில் எதிர்கொண்டன.

மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, 1976 டிசம்பரில் ஒரே நாளில் நான்கு பாடல்களைப் பதிவு செய்தது. 1977 ஜனவரியில் வெளிவந்த 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' முதலில் 1000 பிரதிதான். அடுத்த ஆண்டு ஸ்க்ரிட்டி பொலிட்டி (கிராம்ஸியின் 'அரசியல் எழுத்துக்க'ளுக்கான இத்தாலியச் சொற்களைத் திரித்து வைத்துக்கொண்ட பெயர்) இன்னும் ஒரு படி போனது. பதிவுக்கு எவ்வளவு, தட்டு வார்க்க எவ்வளவு, லேபிளுக்கு எவ்வளவு என்று மொத்தக் கணக்கையும் உறையிலேயே போட்டுவிட்டார்கள். பண்டம் தனக்குள் இருக்கும் உழைப்பை மறைக்கும் என்பார் மார்க்ஸ். இங்கே பண்டம் தன் வயிற்றைத் திறந்து காட்டுகிறது. வாங்குகிறவன் படித்துப் பார்த்து, 'அட, இவ்வளவுதானா, நாமே போடலாமே' என்கிறான். ரசிகன் உற்பத்தியாளனாக மாறும் இடம் இது.

ஆனால் தட்டு போடுவது பாதி வேலைதான். சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: அச்சகத்திலிருந்து வந்த கட்டு வீட்டு மூலையில் கிடக்கும், கடைக்காரரிடம் பணம் பெயராது. லண்டனில் 1976இல் ஜெஃப் ட்ராவிஸ் தொடங்கிய ரஃப் ட்ரேட் கடை இங்கேதான் முக்கியமாகிறது. குழுக்களிடம் தட்டுகளை வாங்கி வெளியூர்களுக்கு அனுப்பியது. 1978 முதல் தானே வெளியிட்டபோது லாபத்தைக் குழுவோடு சரிபாதி பகிர்ந்தது. எண்பதுகளில் பிற ஊர்க் கடைகளோடு சேர்ந்து 'கார்ட்டல்' என்ற விநியோக வலை உருவாயிற்று. 1991இல் ரஃப் ட்ரேட்டின் விநியோகப் பிரிவு நொடித்தது. பாக்கி வரவேண்டிய சிறு லேபிள்களும் அடிவாங்கின. ஸ்க்ரிட்டி பொலிட்டியோ அதற்கு முன்பே வர்ஜின் கம்பெனிக்குப் போயிருந்தது. துரோகம் என்று சொல்லிவிடுவது சுலபம். வறுமையிலும் தூய்மையாக இருப்பது யாருக்குக் கட்டுப்படியாகும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இன்று பதிவுச் செலவு இன்னும் சரிந்துவிட்டது. ஒரு மடிக்கணினி போதும். விநியோகம்தான் சில கைகளுக்குள் சிக்கியிருக்கிறது. 12 மாதத்தில் 1000 முறைகூடக் கேட்கப்படாத பாடலுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் காசே தருவதில்லை. விற்பனையில் பெரும்பங்கை இசைஞர்களுக்கே விடும் பேண்ட்கேம்ப் 2022, 2023 என இருமுறை கைமாறியது. இரண்டாம் முறை ஊழியர்களில் பாதிப்பேருக்கு வேலை போயிற்று. போதாததற்கு விளம்பரமும் இசைஞர் தலையில். சுயேச்சை என்பது முதலாளி இல்லாத நிலையா, அல்லது முதலாளியின் வேலைகளையும் சம்பளமில்லாமல் நாமே பார்ப்பதா? அன்று உற்பத்தியின் கணக்கு உறைக்கு வந்தது. இன்று வெளியே வரவேண்டியது விநியோகத்தின் கணக்கு.